காணாக்கடி கிளம்பினால் எதைக் கையில் எடுப்பது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். விடிவதற்கு முன்பே மூட்டைகள் வந்து இறங்கிவிடும். வலையங்குளத்து மல்லி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிச்சி என்று எடை போடுகிறவர் கத்தக் கத்த நான் எழுத வேண்டும். நாலு வருஷத்துக்கு முன், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின விடிகாலையில் உள்ளங்கை தினவெடுத்தது. சொறிந்தேன். கால்மணி நேரத்தில் கை தடித்துப் பேனா பிடிக்க முடியவில்லை. அப்புறம் கழுத்து, இடுப்பு, தொடை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தேசப்படம் வரைந்த மாதிரி திட்டுத் திட்டாகச் சிவந்து கிடக்கிறது. "மூட்டைக்குள்ள பூரான் கெடந்திருக்கும்ணே" என்றான் எடைக்காரப் பையன். மூட்டையைக் கொட்டித் தேடினோம். பூரான் இல்லை, எறும்புகூட இல்லை.

எங்கள் அப்பத்தா இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: காணாக்கடி. கடித்தது எது என்று யாரும் காணவில்லை, ஆனால் தடம் மட்டும் இருக்கிறது. சித்த வைத்தியர்களும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். தோல் டாக்டர் சொல்லும் பெயர் அர்டிகேரியா. தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால் அது நாள்பட்டது. குறிப்பிட்ட காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் 'தன்னிச்சையானது' என்று ஒரு அடைமொழியும் சேரும். காரணம் தெரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்வது அப்படி. நூறு பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நாள்பட்ட வகை எட்டிப் பார்க்கிறது என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அதிகம்.

கிளம்பிய இரவில் என்ன செய்வது என்று கேட்டால் மதுரையில் நூறு பேர் நூறு யோசனை சொல்வார்கள். நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தவன். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் இந்த நோயின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் நான் இரண்டு வருஷம் ஏமாந்தேன்.

ஒரு பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, மணியை எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரம் பார்த்தால் வட்டம் இருக்கும், தடிப்பு இருக்காது. புதுசாக வேறு இடத்தில் கிளம்பியிருக்கும், அது வேறு. காணாக்கடியின் தனித்தனித் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தானாகவே தழும்பில்லாமல் மறைந்துவிடும். அப்படியென்றால் ராத்திரி எட்டு மணிக்கு என்ன வைத்தியம் செய்தாலும் விடியும்போது அது பலித்த மாதிரிதான் தெரியும். வெற்றிலையில் மிளகு வைத்து மென்றாலும் சரி, வேப்பிலையால் மந்திரித்தாலும் சரி, ஒன்றுமே செய்யாமல் படுத்தாலும் சரி. ஒட்டுமொத்த நோயும் இப்படித்தான். சிலருக்கு ஒரு வருஷம், பலருக்கு இரண்டிலிருந்து ஐந்து, சிலருக்கு அதற்கும் மேல் என்று இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போகிற நேரத்தில் நாம் யார் கையில் இருந்தோமோ அவருக்குப் பேர்.

அதனால் "எனக்கு இது கேட்டுச்சு" என்று யார் சொன்னாலும் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். பேரேட்டில் மூன்று பத்தி போடுகிற பழக்கம். முதல் பத்தி, இன்று ராத்திரி: தூங்க விடுகிறதா? இரண்டாவது, மறுநாள்: வேலை பார்க்க முடிகிறதா? மூன்றாவது, வருஷக் கடைசி: உடம்புக்கும் காசுக்கும் என்ன ஆகிறது?

முதலில் ஊசி. தெருமுனை கிளினிக்கில் போய் நின்றால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். ஒன்று அரிப்பை அடக்கும் அவில் வகை, இன்னொன்று டெக்சா என்கிற டெக்சாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. முதல் பத்தியில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் அரிப்பு அடங்கத் தொடங்கிவிடும். மறுநாளும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து, சில சமயம் முன்னைவிட உக்கிரமாக, திரும்ப வரும். திரும்ப ஊசி. நான் ஒரு கோடைக்காலம் முழுக்க இப்படிப் போட்டுக்கொண்டேன். என்ன போடுகிறார்கள் என்று கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. முகம் உப்பியது. "நல்லா பூசுன மாதிரி ஆயிட்டீங்க" என்று கடைக்காரர்கள் பாராட்டினார்கள். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லமாட்டேன். உடம்பெல்லாம் வெடித்துக் கிளம்பிவிட்ட மோசமான கட்டத்தில், டாக்டர் பார்த்து, சில நாளைக்கு, அதிகம் போனால் ஒரு பத்து நாளைக்குள் முடித்துக்கொள்ளும் மருந்து அது. மாதக் கணக்கில் ஓட்டுவதற்கானது இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்ணில் புரை என்று வருஷக் கடைசிப் பத்தியில் அது எழுதும் கணக்கு நீளமானது. தொடர்ந்து எடுத்துப் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் மஞ்சள், வெள்ளை மாத்திரைகள். அவில், சிபிஎம் என்று சொல்கிறோமே, அவை பழைய தலைமுறை ஆன்டி ஹிஸ்டமின்கள், அதாவது அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவை. விலை ரொம்பக் குறைவு. அரிப்பும் குறையும். ஆனால் மூளைக்குள் நுழைந்து ஆளை அமுக்கிவிடும். தூக்கம்தானே, வரட்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது நல்ல தூக்கம் இல்லை. காலையில் எழுந்த பிறகும் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரியே இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்புகிறவன் நான். ஒருநாள் சிக்னல் பச்சையானதும் தெரியாமல் நின்றிருந்தேன், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத்தான் முழித்தேன். அதே வாரம் பேரேட்டில் 64 கிலோவை 46 என்று எழுதிவைத்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய மல்லி விலைக்கு அந்த 18 கிலோ என்ன கணக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டோ, பஸ் ஓட்டுகிறவர்கள், மில்லில் மெஷின் முன்னால் நிற்கிறவர்கள், கட்டட வேலையில் சாரம் ஏறுகிறவர்கள் இந்த வகையைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. வயதானவர்களுக்கும் ஆகாது, தடுமாறி விழுவார்கள்.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். நான் கடைசியில் வந்து நின்ற இடமும் இதுதான்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரடடின், பெக்ஸோபெனடின், பிலாஸ்டின் என்று வரிசையாக இருக்கின்றன, இரண்டாம் தலைமுறை மாத்திரைகள். இவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. செட்ரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் அசத்தும். பெக்ஸோபெனடின் ரொம்பக் குறைவு. ஆனால் இதே மாத்திரையை எடுத்துவிட்டு "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொல்கிறவர்கள் ஏராளம். நானும் ஒரு வருஷம் அப்படிச் சொன்னவன்தான். தப்பு மாத்திரையில் இல்லை, எடுக்கிற முறையில்.

நம் தோலில் மாஸ்ட் செல் என்று ஒன்று இருக்கிறது. பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் 1878இல் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் இதற்குப் பெயர் வைத்தார். நிறையத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து அந்தப் பெயராம். உள்ளே பொட்டலம் பொட்டலமாக ஹிஸ்டமின் அடுக்கியிருக்கும். காணாக்கடிக்காரர்களில் பலருக்கு அவர்கள் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்தச் செல்லைத் தவறாகத் தட்டிவிடுகின்றன. பொட்டலம் உடைந்து ஹிஸ்டமின் வெளியே கொட்டினால் ரத்தக்குழாய் கசிந்து தோல் தடிக்கிறது, நரம்பு அரிக்கிறது. மாத்திரை என்ன செய்கிறதென்றால், ஹிஸ்டமின் வந்து உட்காரும் இருக்கைகளில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதைப் பார்க்க முதல்நாள் ராத்திரியே வைகைக் கரையில் துண்டு விரித்து இடம் போடுகிறோம் இல்லையா, அந்த வேலை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு துண்டை எடுத்துக்கொண்டு போனால் எங்கே விரிப்பது? தடிப்பு கிளம்பிய பிறகு விழுங்கும் மாத்திரை அப்படித்தான். ஆகவே அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு தோல் டாக்டர் அம்மா. அரசு இராசாசி மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு எடுத்துக் காத்திருந்தாலும் தோல் பிரிவில் இதே அறிவுரைதான் கிடைக்கும். வரிசைதான் நீளம், ஒரு காலைப்பொழுது போய்விடும். அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். ஒரு மாத்திரையில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் அதே மாத்திரையின் அளவை நான்கு மடங்கு வரைக்கும் கூட்டலாம், உலக அளவிலான வழிகாட்டுதலே அதுதான் என்று. எனக்குப் பயமாக இருந்தது. நான்கு மாத்திரை என்றதும் என் மனைவி, "கிட்னி என்னத்துக்காகும்?" என்றாள். டாக்டர் சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கூட்டினார். நானாகக் கூட்டியிருந்தால் அது முட்டாள்தனம். இரண்டில் எனக்குப் பாதி அடங்கியது, மூன்றில் ஏறத்தாழ அடங்கியது. ஊசி போட்டு ஓட்டிய அந்தக் கோடையோடு ஒப்பிட்டால் உடம்புக்கு இது எவ்வளவோ மேல்.

சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்வதில்லை: பெக்ஸோபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்தில் கணிசமான பகுதி உடம்பில் சேராது. தண்ணீரில்தான் போட வேண்டும். பிலாஸ்டினை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். மக்கள் மருந்தகத்தில் இந்த வகை மாத்திரைகளில் சில மலிவாகக் கிடைக்கின்றன. கம்பெனி வைத்த பெயரைச் சொல்லாமல் மூலப்பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

தினமும் எடுப்பது நல்லதா, வரும்போது எடுப்பது நல்லதா என்று இன்னமும் வீட்டில் வாதம் நடக்கிறது. மாதத்தில் ஒரு நாள் இரண்டு நாள் கிளம்புகிறவர்களுக்கு வரும்போது எடுப்பதே போதுமாக இருக்கலாம். வாரத்தில் நாலு நாள் கிளம்புகிறவர்களுக்குத் தினமும்தான். இதில் எது நாம் என்று தெரிய எழுதிவைக்க வேண்டும். டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் தடிப்பே இல்லையென்றால் 0, இருபதுக்குள் 1, இருபதிலிருந்து ஐம்பது 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் இதேபோல 0 முதல் 3. இரண்டையும் கூட்டி ஏழு நாள் சேர்த்தால் உச்சம் 42. ஆறுக்குள் இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது, 28ஐத் தொட்டால் கடுமை. நான் கணக்குப்பிள்ளை என்பதால் இது எனக்குச் சர்க்கரைப் பொங்கல். ஊசிக் காலத்தில் நினைவிலிருந்து குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தால் வாரத்துக்கு 30க்குக் குறையாது. மூன்று மாத்திரையில் ஓடிய ஆறாவது வாரம் 5. ஒரு வைத்தியத்தை இன்னொன்றோடு ஒப்பிட இதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியவில்லை. விடிகாலையில் தடிப்பு மறைந்ததை வைத்து யாருக்கும் பேர் கொடுக்க வேண்டியதில்லை. வாரக் கூட்டல் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி, காரணத்தைத் தேடிப் போகும் வழி. இதில்தான் என் காசு அதிகம் போனது.

பூ மார்க்கெட்டில் வேலை என்று சொன்னவுடன் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: மல்லிகைப்பூதான், இல்லையென்றால் அதில் அடிக்கும் மருந்துதான். முதலாளியிடம் கேட்டு வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். பத்து நாள் லீவு போட்டு காரைக்குடியில் தங்கை வீட்டில் இருந்தேன், பூவின் வாசமே படாமல். பத்து நாளில் ஆறு நாள் கிளம்பியது. பூவின் மேல் பழி நீங்கியது.

அப்புறம் சாப்பாடு. கத்தரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை, தக்காளி, புளி, நல்லெண்ணெய் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டால் மிஞ்சுவது கஞ்சியும் உப்பும்தான். அயிரை மீன் குழம்பை ஒன்பது மாதம் தொடாமல் இருந்தேன். ஒன்பது மாதமும் தடிப்பு என்னைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் நூற்றுச் சொச்சம் பொருளுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் கொடுத்தேன். கொண்டைக்கடலைக்கும் கரப்பான்பூச்சிக்கும் லேசாகக் காட்டியது. கரப்பான்பூச்சியை நான் சாப்பிடுவதில்லை. கொண்டைக்கடலையை நிறுத்தியும் மாற்றமில்லை.

உண்மையான உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிஷத்திலோ ஓரிரண்டு மணி நேரத்திலோ, ஒவ்வொரு முறையும் வரும். அப்படி வருகிறவர்கள் கட்டாயம் அதை நிறுத்த வேண்டும். திடீர்த் தடிப்புக்கு அது காரணமாக இருக்கும். மாதக்கணக்கில் நாளுக்கொரு நேரம் கிளம்பும் காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். சாயம், பதனப்பொருள் சேர்ந்த உணவை விலக்கினால் சிலருக்குக் குறைகிறது என்பது உண்மை. ஆகவே பத்தியம் இருந்துதான் பார்க்க வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம் இருங்கள், வாரக் கூட்டலைப் பாருங்கள், இறங்கவில்லையா, மீன் குழம்பை வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் மாதக்கணக்கில் பத்தியத்தில் போடுவது காணாக்கடியைவிடப் பெரிய கெடுதல்.

தடிப்புக்கென்று நான் எழுதிவைத்த பேரேடு காட்டிக்கொடுத்த குற்றவாளிகள் வேறு. இடுப்பு வலிக்காக டைக்ளோபெனாக் போட்ட மூன்று இரவிலும் அன்றைய கூட்டல் 5, 6 என்று எகிறியிருந்தது. ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் காணாக்கடிக்காரர்களில் பலருக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. பாராசிட்டமால் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. (இதயத்துக்காக டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.) காய்ச்சல் வந்த வாரங்களிலும், அக்னி நட்சத்திர வெயிலில் நாற்பது டிகிரியில் அலைந்த நாளிலும், பெல்ட்டை இறுக்கிய இடத்திலும், தூங்காமல் கண்விழித்த முகூர்த்த வாரங்களிலும் கூடியிருந்தது. இவை எதுவும் நோயின் வேர் இல்லை, தூண்டிவிடும் கைகள். வேரைத் தேடிச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூட இவற்றைக் கண்டுபிடிக்க நான் செலவழிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை), மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள்), தைராய்டு எதிர்ப்பொருள் என்று நாலைந்து மட்டும் தோல் டாக்டர் எழுதினார். காணாக்கடியும் தைராய்டு கோளாறும் சில பேரிடம் சேர்ந்தே இருக்கும். இந்த நாலைந்துக்கு ஆகிற செலவு, அந்த நூற்றுச் சொச்சத்தில் சிறு பகுதிதான்.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் பேச விடமாட்டார்கள். மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டிருக்கிறேன். அதைக் குறை சொல்லமாட்டேன். செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை, அம்மாவுக்கு நிம்மதி. சித்த மருத்துவத்தில் பரங்கிப்பட்டைச் சூரணம், அருகன் தைலம் எல்லாம் தோலுக்கென்றே பேர்போனவை. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அங்கே போய்ப் பார்ப்பதில் பிழையில்லை. எனக்கு அருகன் தைலம் வறட்சிக்கு இதமாக இருந்தது, வாரக் கூட்டலை அசைக்கவில்லை. பயப்பட வேண்டியது லேபிள் ஒட்டாத டப்பாவில் பொடி கட்டிக் கொடுப்பவர்களிடம். பாதரசம், கந்தகம், பாஷாணம் சேர்ந்த மருந்துகள் சரியாகச் சுத்தி செய்யப்படாவிட்டால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். "நாட்டு மருந்துதான், ஒண்ணும் செய்யாது" என்று விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பதும் நடக்கிறது. இரண்டே வேளையில் மாயமாக அடங்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதிக் கல்லூரியே இருக்கிறது. பக்கத்துக் கடை அண்ணாச்சி அங்கே போய்த் தனக்குத் தீர்ந்தது என்று சத்தியம் செய்கிறார். அவருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். சர்க்கரை உருண்டையைவிட அது கூடுதலாக வேலை செய்வதாக நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றில் ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளிப்பது. குளிக்கும்போது சுகமாக இருக்கும், வெளியே வந்ததும் உடம்பு முழுக்கச் சிவக்கும், சூடு அப்படி. அதற்குப் பதில் ஈரத்துணி, மின்விசிறி, காலமைன் லோஷன், தளர்ந்த பருத்திச் சட்டை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடிக்கிற ஒரு வகையும் இருக்கிறது. அவர்கள் மட்டும் ஈரத்துணியைத் தவிர்க்க வேண்டும்.

நான்கு மடங்கு மாத்திரையிலும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் என்று ஓர் ஊசி இருக்கிறது. இது ஸ்டீராய்டு இல்லை. மாஸ்ட் செல்லைத் தூண்டும் ஐஜிஇயைப் பிடித்துக் கட்டிப்போடும். முதலில் ஆஸ்துமாவுக்காக வந்தது, 2014இல் அமெரிக்காவில் காணாக்கடிக்கும் அனுமதி கிடைத்தது. நாலு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில். சிலருக்கு ஒரே வாரத்தில் அடங்கிவிடுகிறது. மூன்று பத்தியிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் மருந்து, விலையைத் தவிர. ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், எத்தனை மாதம் போட வேண்டும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுவும் கட்டுப்படியாகாதபோது, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை. ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டியது. இவை இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த வழியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. நாக்கோ தொண்டையோ வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி மயக்கம் வருவது. அப்போது மாத்திரையைத் தேடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். பேனா வட்டத்துக்குள் தடிப்பு 24 மணி நேரம் தாண்டியும் நின்றால், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் கூடுதலாக இருந்தால், மறைந்த இடத்தில் கன்றிப்போன நிறம் தங்கினால், அது காணாக்கடியே இல்லாமல் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிக்கிறது, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சொறிசிரங்கு. அதற்கு வைத்தியமே வேறு, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டியது.

யாராவது என்னிடம் கேட்டால் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். சர்க்கரை உள்ளவரா, டெக்சா பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்பேன். வண்டி ஓட்டுகிறவரா, தூக்கம் தராத மாத்திரை எது என்று கேட்டு வாங்குங்கள், முதல் இரண்டு நாள் வீட்டிலிருந்தபடி எடுத்துப் பாருங்கள் என்பேன். கர்ப்பிணியா, கைக்குழந்தைக்காரியா, தோல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து சொல்லட்டும். லோரடடின், செட்ரிசின் போன்ற நெடுநாள் பழக்கத்தில் உள்ளவற்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதா, பெரும்பாலும் தானாகப் போய்விடும், அதற்குள் நூறு பொருள் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்பேன்.

எனக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டு மணிக்கு. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று டாக்டர் இறக்கியிருக்கிறார். போன வாரக் கூட்டல் 3. அதுவும் செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் வந்தது, பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனதால். பந்தியில் அயிரை மீன் இல்லை. மட்டன் சுக்கா இருந்தது, இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.